கழித்தனவும் காத்தனவும்

மார்கழித் திங்களின் இறுதி நாள். கதிரவன் கடலினின்று எழுமுன்பே இராயபுரத்துத் தெருக்கள் விழித்துக்கொள்கின்றன. வாயில்தோறும் ஒரு சிறு தீ எரிகிறது. கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், உடைந்த முறம், நைந்த தலையணை ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக அத்தீயினுள் செல்கின்றன. சிறுவர்கள் போகி மேளத்தைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு விடாது முழக்குகின்றனர். வீட்டினுள்ளே பெண்கள் ஒட்டடை அடித்து, பரணைத் துடைத்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்க்கின்றனர். ஓராண்டுக் காலமாகச் சேர்ந்த வேண்டாப் பொருள்கள் ஒரு விடியற்காலையில் வெளியேறுகின்றன.

அத்தீயின் அருகே சற்று நின்று நோக்குவோர்க்கு இரண்டு வினாக்கள் தோன்றும். ஒரு வீடு எதனைக் கழித்தல் வேண்டும்? எதனைக் காத்தல் வேண்டும்? இவை எளிய வினாக்கள் போலத் தோன்றினும், ஒரு குடும்பத்தின் நலமும் ஓர் ஊரின் வரலாறும் இவற்றின் விடையைப் பொறுத்தே அமைகின்றன. அரசர்களின் வரலாற்றை எழுதுவோர் கோட்டையையும் கொத்தளத்தையும் ஆராய்வர். மக்களின் வரலாற்றை அறிய விழைவோர் பரண்மீது ஏறிப் பார்த்தல் வேண்டும். இராயபுரம் முதல் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரையில் நீண்டு கிடக்கும் வட சென்னைக் கடற்கரைப் பகுதியை எடுத்துக்கொண்டு, அங்குள்ள வீடுகளினுள்ளே பொருள்கள் வந்த கதையையும் போன கதையையும் இன்று காண்போம்.

முதலில் பழைய கடற்கரைக் குப்பத்தை எண்ணிப் பாருங்கள். ஓலைக் கூரையும் மண் சுவரும் கொண்ட ஒற்றை அறை. அதனுள்ளே மேசையில்லை, அலமாரியில்லை. ஆயினும் பொருள்கள் தாறுமாறாகக் கிடப்பதில்லை. மோரும் மீன் குழம்பும் பூனைக்கும் எறும்புக்கும் எட்டாதவாறு உறியிலே தொங்கும். அரிவாளும் சீப்பும் இறவாணத்தில் செருகப்பட்டிருக்கும். பெரிய பானை கீழும் சிறிய பானை மேலுமாக அடுக்குப் பானைகள் மூலையில் நிற்கும். அவற்றுள் ஒன்றில் அரிசி, ஒன்றில் உப்பு, ஒன்றில் புளி என வகுத்திருப்பர். கடுகும் மிளகும் சீரகமும் அஞ்சறைப் பெட்டியில் தத்தம் அறையில் அடங்கிக் கிடக்கும். மாற்றுடை கொடியிலே, விளக்கு மாடத்திலே, வலையும் துடுப்பும் வாயிற்புறத்திலே. இருட்டிலும் கை நீட்டினால் வேண்டிய பொருள் கைக்கு வரும்.

இவ்வொழுங்கை நாம் மிகைப்படப் புகழ்தல் வேண்டா. பொருள்கள் சிலவே இருந்தமையால் ஒழுங்கு எளிதாயிற்று. வறுமையைத் துறவென்று எண்ணி மயங்குதல் கூடாது. எனினும் ஒன்றை மறுத்தற்கில்லை. இடம் குறைந்த வீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் உரிய இடம் ஒன்றை வகுத்து, எடுத்ததை மீண்டும் அவ்விடத்திலேயே வைக்கும் பழக்கம் நம் பெண்மக்களிடம் வழிவழியாக இருந்து வந்தது. பள்ளியில் எவரும் கற்பிக்காத கல்வி அது.

காலம் மாறிற்று. 1856-ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதற் புகைவண்டி இராயபுரத்தினின்று வாலாஜா சாலை வரையில் ஓடிற்று. பேதுரு என்னும் திருத்தூதரை இராயப்பர் எனத் தமிழாக்கி வழங்கிய கிறித்தவப் படகோட்டிகளின் கோயிலால் பெயர் பெற்ற இராயபுரம், இப்போது தென்னாட்டுப் புகைவண்டிப் பாதையின் தலைவாயிலாயிற்று. 1875-ஆம் ஆண்டில் செயற்கைத் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. கட்டிய சுவர்களை 1881-ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தபோதும் வேலை நிற்கவில்லை. பாதையும் துறைமுகமும் வந்தபின் கிடங்குகள் வந்தன. கிடங்குகளை அடுத்துத் தொழிலாளர் வந்தனர். செங்கற்பட்டிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் தெலுங்கு நாட்டிலிருந்தும் வந்தவர்கள் ஒரே ஓட்டு வீட்டில் அறைக்கு ஒரு குடும்பமாகத் தங்கினர்.

அவ்வாறு வந்தவர் ஒவ்வொருவரும் தம்முடன் கொண்டுவந்த பொருள் ஒன்றுண்டு. அதுதான் தகரத்தாலான டிரங்குப் பெட்டி. கிராமத்து வீட்டின் பரணும் குதிரும் பட்டணத்திலே அப்பெட்டிக்குள் சுருங்கிவிட்டன என்று கூறலாம். கூறைப்புடவை, பித்தளைச் சொம்பு, நிலப் பத்திரம், அடகுச் சீட்டு, குழந்தையின் பிறப்புக் குறிப்பு, ஊரிலிருந்து வந்த கடிதம் ஆகிய அனைத்தும் ஒரே பூட்டுக்குள் அடங்கின. பகலில் அப்பெட்டி சுவரோரம் கிடந்து இருக்கையாக உதவும். இரவில் கட்டிலின் கீழ் ஒதுங்கிக்கொள்ளும். கடற்காற்று இரும்பை அரிக்கும் ஊராதலால் அதற்கு ஆண்டுதோறும் வண்ணம் பூச வேண்டியிருந்தது.

பொருளை எடுத்து வைக்கும் முறை எத்தகையது என்பது அமைதிக் காலத்தில் விளங்குவதில்லை. ஆபத்து வரும்போதே விளங்கும். 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசிற்று. கரையிலிருந்த எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. அச்சம் கொண்ட மக்கள் பலர் நகரை விட்டு வெளியேறினர். மீண்டும் 1942-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில், சப்பானியர் படையெடுக்கக்கூடும் என்னும் செய்தியால் நகரமே வெறிச்சோடிற்று. துறைமுகத்தை ஒட்டி வாழ்ந்தோர்க்கு அச்சம் இன்னும் மிகுதி. புகைவண்டியில் இடமில்லை, மாட்டு வண்டிக்குப் பெருங்கூலி. கையில் எடுத்துச் செல்லக்கூடியது ஒரு பெட்டியும் ஒரு மூட்டையுமே. அந்நிலையில் எதனை எடுப்பது, எதனை விடுப்பது? எது எங்கே இருக்கிறது என்று அறிந்த குடும்பம் விரைவிலே புறப்பட்டிருக்கும். அறியாத குடும்பம் பரணுக்கும் வாயிலுக்கும் அலைந்திருக்கும். வீட்டை ஒழுங்காக வைத்தல் அழகுக்காக மட்டுமன்று, ஆபத்துக் காலத்துத் துணையும் அதுவே என்பதற்கு இவ்விரு ஆண்டுகளும் சான்று.

போர் முடிந்தபின் இப்பகுதியின் தோற்றமே மாறலாயிற்று. 1948-ஆம் ஆண்டில் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் நிறுவப்பெற்றது. அதுவே 1955-ஆம் ஆண்டில் அசோக் லேலண்ட் எனப் பெயர் கொண்டது. திருவொற்றியூர் என்பீல்டு மோட்டார் சைக்கிளுக்கும் பிறப்பிடமாயிற்று. விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயர் ஒரு புகைவண்டி நிலையத்திற்கே பெயராக நிலைத்துவிட்டது. மாதச் சம்பளம் வந்தது. சம்பளத்தோடு சுவர்க் கடிகாரமும், எவர்சில்வர் பாத்திரமும், வானொலிப் பெட்டியும், மின் விசிறியும் வந்தன; பின்னர்த் தொலைக்காட்சியும் குளிர்பெட்டியும் வந்தன. ஆனால் வீடு பெரிதாகவில்லை. பொருள் பெருகப் பெருக இடம் குறைந்தது. ஒழுங்கின்மை என்று நாம் பெண்களின்மேல் ஏற்றிக் கூறும் குறை, உண்மையில் இவ்விரு அளவுகளுக்கும் இடையே தோன்றிய முரண்பாடே ஆகும்.

இந்நிலையில் வேண்டாப் பொருள்களை வெளியேற்றும் வழிகளும் தெருவிலேயே தோன்றின. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் தருபவர் தள்ளுவண்டியோடு வந்தார். பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் தரும் பெண்கள் கூடையோடு வந்தனர். பழைய காகிதக்காரர் தராசோடு வந்தார். தெருமுனைக் காயலான் கடையில் ஓட்டைக் குடமும் உடைந்த மிதிவண்டியும் எடைக்கு விலையாயின. இன்னும் பெரிய சந்தை வேண்டுவோர், சென்ட்ரல் புகைவண்டி நிலையத்தை அடுத்து 1900-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற மூர் மார்க்கெட்டுக்குச் சென்றனர். ஒரு வீட்டின் பழைய நாற்காலி அங்கே மற்றொரு வீட்டின் புதிய நாற்காலியாயிற்று. ஒரு மாணவன் கழித்த புத்தகம் வேறொரு மாணவனைக் கரையேற்றிற்று. 1985-ஆம் ஆண்டில் தீக்கிரையாகும் வரையில் அச்சந்தை சென்னை நகரின் பொதுப் பரணாக விளங்கிற்று. கழிப்பது என்றால் அழிப்பது என்று பொருளன்று. தேவையற்றவரிடமிருந்து தேவையுற்றவரிடம் சேர்ப்பதும் கழிப்பதேயாகும் என்பதை அது காட்டிற்று.

பொருளைக் கழிப்பது பற்றிப் பேசும்போது திருவொற்றியூர்க் கடற்கரையில் சமாதி கொண்டவராகப் போற்றப்பெறும் பட்டினத்தாரை எண்ணாதிருத்தல் இயலாது. இப்பெயரில் வெவ்வேறு காலத்தில் ஒருவர்க்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. மக்கள் வழங்கும் கதை எல்லோரும் அறிந்ததே. காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர் ஒருவர் மரக்கலம் செலுத்திப் பெரும்பொருள் ஈட்டினார். கடல் வாணிகம் சென்று மீண்ட வளர்ப்பு மகன் எருவரட்டியையும் தவிட்டையும் மூட்டை மூட்டையாகக் கொணர்ந்தான் என்று கேட்டு அவர் சினங்கொண்டார். மகன் விட்டுச்சென்ற சிறு பேழையைத் திறந்தபோது, அதனுள்ளே காதில்லாத ஓர் ஊசியும் ஓர் ஓலை நறுக்கும் இருந்தன. இறுதிப் பயணத்தில் அத்துணைச் சிறு பொருளும் உடன் வாராது என்பதே ஓலை உரைத்த செய்தி. அன்றே வணிகர் அனைத்தையும் துறந்து வெளியேறினார். ஊர் ஊராகத் திரிந்தவர் கையிலிருந்த கரும்பு திருவொற்றியூரில் இனித்தது என்றும், அங்கேயே அவர் அடங்கினார் என்றும் கூறுவர்.

இக்கதையைக் கேட்டு நாமெல்லாம் வீட்டைத் துறந்துவிட வேண்டும் என்பதில்லை. ஒன்று மட்டும் கருதத்தக்கது. அந்த வணிகரின் கண்ணைத் திறந்தது பெரும்பொருளன்று. பேழையினுள்ளே பேணி வைக்கப்பட்டிருந்த ஒரு சிறு ஓலை. அதனைப் படியாமல் எறிந்திருந்தால் பட்டினத்தார் என்றொரு துறவி தோன்றியிருக்கமாட்டார். கழித்தலின் பெருமையைப் பேசும் இக்கதையிலேயே, கழிக்குமுன் பார்த்தல் வேண்டும் என்னும் பாடமும் அடங்கியிருத்தல் வியப்பன்றோ!

பாராமற் கழித்ததனால் தமிழ்நாடு அடைந்த இழப்பு சிறிதன்று. டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் ஏடு தேடி அலைந்த வரலாற்றைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கின்றார். திருநெல்வேலிப் பக்கத்தில் புலவர் பரம்பரையைச் சேர்ந்த வீட்டார், இடத்தை அடைக்கின்றன என்று பழைய சுவடிகளை ஆடிப் பெருக்கில் ஆற்றிலே விட்டுவிட்ட செய்தியை அவர் கேட்டு நொந்தார். கரிவலம்வந்தநல்லூரில் பழைய ஏடுகள் நெய்யில் தோய்க்கப்பெற்று ஓமத் தீயில் இடப்பட்ட செய்தியும் அவர் செவியில் விழுந்தது. ஆற்றில் விட்டவர்களும் தீயில் இட்டவர்களும் தீயவர் அல்லர். வீட்டையும் கோயிலையும் துப்புரவாக வைக்க விரும்பியவர்களே. ஆயினும் அத்துப்புரவில் எத்தனை நூல்கள் மறைந்தன என்பதை யார் கணக்கிட வல்லார்? எஞ்சிய ஏடுகளைக் கொண்டே ஐயரவர்கள் 1887-இல் சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றினார்கள். எவரோ ஒருவர் வீட்டுப் பரணைத் துடைத்தபோது அச்சுவடிகளை எறியாது மீண்டும் மேலே வைத்தார். அந்த முகமறியாத கைகளுக்கும் தமிழ் கடன்பட்டிருக்கிறது.

இதன் மறுபக்கமாக மற்றொருவரைக் கூறலாம். கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய நூல்களோடு, பிறர் குப்பையென்று எறிந்த நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் துண்டு வெளியீடுகளையும் அவர் வாழ்நாள் முழுவதும் தேடித் தொகுத்தார். 1992-ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின், அத்தொகுப்பே 1994-ஆம் ஆண்டில் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றது. உலகெங்கும் உள்ள அறிஞர்கள் அதனை நாடி வருகின்றனர். ஆனால் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. பொருளைக் குவிப்பவர் வேறு, தொகுப்பவர் வேறு. குவிப்பவரிடம் எது இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. தொகுப்பவர் வகைப்படுத்துவார், பெயரெழுதுவார், கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பார். ஒழுங்கு என்னும் ஒன்றே குப்பையைக் கருவூலமாக்குகிறது.

இதனை வட சென்னைக்குப் பொருத்திப் பாருங்கள். 1918-ஆம் ஆண்டு ஏப்பிரல் 27-ஆம் நாள் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்நாட்டின் தொழிற்சங்க வரலாற்றிலே முன்னோடி. பி. பி. வாடியாவும் திரு. வி. கலியாணசுந்தரனாரும் அதனோடு தொடர்புடையோர். இத்தலைவர்களைப் பற்றி நூல்கள் உள்ளன. ஆனால் அவர்கள் பேச்சைக் கேட்டு நின்ற தொழிலாளியின் வாழ்க்கையை எந்த நூலிலே காண்பது? அவர் பெற்ற கூலிச் சீட்டிலும், சங்கச் சந்தா ரசீதிலும், வேலை நிறுத்தக் காலத்தில் அடகு வைத்த பாத்திரத்தின் சீட்டிலும், மனைவிக்கு எழுதிய கடிதத்திலுமே அது உள்ளது. அவையெல்லாம் டிரங்குப் பெட்டியின் அடியிலே கிடந்தவை. அவர் சங்கம் அமைத்துப் போராடிய பக்கிங்காம் கர்னாட்டிக் ஆலை 1996-ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டது. பெட்டியில் கிடந்த தாள்களும் போகித் தீயில் போய்விட்டால், அவ்வாலையில் உழைத்தவர்களின் வரலாற்றைச் சொல்லச் செங்கல்லும் மிஞ்சாது, சீட்டும் மிஞ்சாது.

இனி, வீட்டைத் துடைப்பவரின் துயரத்தைச் சற்றுக் காண்போம். நகரின் பிற பகுதியில் நாளுக்கு ஒரு முறை பெருக்கினால் வீடு துலங்கும். துறைமுகத்தை அடுத்த தெருக்களில் அவ்வாறில்லை. துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் மலைபோலக் குவிக்கப்பட்டிருந்த ஆண்டுகளில், காற்று வீசும் திசைக்கு ஏற்பக் கரியும் செந்தூளும் வீடுகளினுள் புகுந்தன. துவைத்து உலர்த்திய வெள்ளை வேட்டி மாலையில் சாம்பல் நிறம் கொண்டது. அடுக்கி வைத்த பாத்திரத்தின்மேல் விரலால் கோடு கிழிக்கலாம். எந்தத் துடைப்பம் அத்தூசியை வெல்லும்? இறுதியில் தீர்வு நீதிமன்றத்திலிருந்தே வந்தது. தூசியால் நேரும் தீங்கைக் கருதி, 2011-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் கையாளலாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. இராயபுரத்துப் பெண்கள் ஆண்டாண்டாகத் துடைத்த தூசிக்கு ஒரு தீர்ப்பால் அணை கிடைத்தது.

ஆனால் அச்சரக்கு வானில் மறைந்துவிடவில்லை. வடக்கே எண்ணூரில் 2001-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற துறைமுகத்தின் வழியாக வரலாயிற்று. எண்ணூர் மக்களுக்கோ நிலக்கரி புதியதன்று. 1970-ஆம் ஆண்டில் தொடங்கி 2017-ஆம் ஆண்டில் மூடப்பட்ட எண்ணூர் அனல் மின் நிலையத்தின் சாம்பலை அவர்கள் நெடுங்காலம் அறிந்தவர்கள். ஒரு வீட்டின் குப்பையை அடுத்த வீட்டு வாயிலில் கொட்டுதல் துப்புரவு ஆகாது என்பதைத் தெருவிலே எல்லோரும் ஒப்புவர். ஊருக்கும் அந்நீதி ஒன்றே அன்றோ?

இடப் பஞ்சத்தைத் தீர்க்க அரசும் முயன்றது. 1970-ஆம் ஆண்டில் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அமைக்கப்பெற்றது. 2021-ஆம் ஆண்டில் அதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றப்பட்டது. ஓலைக் குடிசைகள் அடிக்கடி தீப்பற்றி எரிந்த இப்பகுதியில், மாடி வீடுகள் எழுந்தமை பெரும் பேறு. ஆயினும் குடிசையிலிருந்து மாடிக்கு ஏறிய குடும்பம் தன் வலையை எங்கே வைக்கும்? விறகை எங்கே அடுக்கும்? வாயிற்புறம் இல்லாத வீட்டிலே வாயிற்புறத்துப் பொருள்கள் அனைத்தும் நடைக்கூடத்தில் குவிந்தன. கட்டடம் கட்டுவோர் மனிதர்களை எண்ணினார்கள். அவர்களுடைய பொருள்களை எண்ண மறந்தார்கள்.

இதே சிக்கலைச் செருமனி நாட்டில் பிராங்க்பர்ட் நகரம் வேறு வகையில் அணுகிற்று. முதல் உலகப் போருக்குப்பின் அங்குத் தொழிலாளர்க்குச் சிறு வீடுகள் கட்டப்பட்டபோது, மார்கரெட் சூட்டே-லிகோட்சுகி என்னும் பெண் கட்டடக் கலைஞர் 1926-ஆம் ஆண்டில் ஒரு சமையலறையைத் திட்டமிட்டார். புகைவண்டியில் உணவு சமைக்கும் பெட்டியை அவர் நுணுகி ஆராய்ந்தார். ஏறத்தாழ இரண்டு மீட்டர் அகலமும் மூன்றரை மீட்டர் நீளமும் உள்ள இடத்தில், மாவுக்கும் அரிசிக்கும் சருக்கரைக்கும் பெயரெழுதிய தனித்தனி இழுப்பறைகள் அமைத்தார். ஏறத்தாழப் பத்தாயிரம் வீடுகளில் அச்சமையலறை அமைந்தது. பெயரெழுதிய அவ்விழுப்பறைகளைக் காணும்போது நம் அஞ்சறைப் பெட்டியே நினைவுக்கு வருகிறது. பொருளுக்குரிய இடத்தை வீட்டாரே தேடிக்கொள்ளட்டும் என்று விடாமல், வீட்டைக் கட்டும்போதே வகுத்தளித்ததுதான் அவரது சிறப்பு.

அண்மை ஆண்டுகளில் வெள்ளம் இப்பாடத்தை இன்னும் கடுமையாகக் கற்பித்தது. 2015-ஆம் ஆண்டு திசம்பர் வெள்ளத்தில் சென்னை மக்கள் பலர் குடும்ப அட்டையையும், கல்விச் சான்றிதழையும், வீட்டுப் பத்திரத்தையும் இழந்தனர். இழந்த ஆவணங்களை மீண்டும் வழங்க அரசு சிறப்பு முகாம்களை நடத்த வேண்டியதாயிற்று. 2023-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் மிக்ஜாம் புயல் வந்தபோது எண்ணூர்ப் பகுதிக்கு நேர்ந்தது அதனினும் கொடிது. வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. ஆற்றோரக் குப்பங்களின் வீடுகளுக்குள்ளும் புகுந்தது. சுவரிலே கரிய கோடு படிந்தது. பாய், துணி, பாத்திரம், வலை, படகு ஆகிய அனைத்திலும் எண்ணெய் பற்றிற்று. அவ்வீட்டார் கழிக்க விரும்பிக் கழிக்கவில்லை, கழிக்க நேர்ந்தது. போகியன்று நாம் எறியும் பொருளை நாமே தேர்ந்தெடுக்கிறோம். அத்தேர்வும் ஒரு செல்வமே என்பதை எண்ணூர் மக்களிடம் கேட்டால் கூறுவர்.

மீண்டும் போகித் தீக்கே வருவோம். பாயும் முறமும் எரிந்த காலத்தில் எஞ்சியது சாம்பல் மட்டுமே. நாளடைவில் அத்தீயினுள் டயரும் பிளாஸ்டிக்கும் செயற்கை இழைத் துணியும் புகுந்தன. தை பிறக்கும் வேளையில் மார்கழிப் பனியோடு நச்சுப் புகையும் கலந்து நின்றது. 2018-ஆம் ஆண்டுப் போகியன்று அப்புகையால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்கவும் ஏறவும் தடையுற்றன. இவற்றை எரிக்க வேண்டா என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வேண்டுகோள் விடுத்து வருகிறது. தீயில் இடாதவை எங்கே செல்கின்றன? வட சென்னையின் குப்பை நெடுங்காலமாகக் கொடுங்கையூருக்கே சென்றது. அங்கு முந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் அது குன்றாக உயர்ந்தது. பழைய குவியலைப் பிரித்து நிலத்தை மீட்கும் பணியும் தொடங்கப்பெற்றுள்ளது. வீட்டிலே பிரித்திருந்தால் மலையிலே பிரிக்க வேண்டியதில்லை. குப்பையை வீட்டிலேயே வகை பிரித்தல் வேண்டும் என 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வலியுறுத்தியதும் இதன் பொருட்டே.

நம் முன்னோர் கழிப்பதற்கென்று ஒரு நாளை மட்டும் வகுத்து நின்றுவிடவில்லை. போகிக்கு ஏறத்தாழ மூன்று திங்களுக்கு முன்பே ஆயுத பூசை வருகிறது. அன்று எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் உள்ள தொழிற்கூடங்களைக் காண வேண்டும். கடைசல் இயந்திரத்தைத் துடைத்து, எண்ணெயிட்டு, சந்தனப் பொட்டு வைக்கின்றனர். சுத்தியலும் திருப்புளியும் வரிசையாக அடுக்கப்படுகின்றன. வீட்டிலே நூல்களும் அடுக்கப்படுகின்றன. இராயபுரத்துக் கிறித்தவ இல்லங்கள் கிறித்துமசுக்கு முன்னே வெள்ளையடிக்கப் பெறுகின்றன. இசுலாமிய இல்லங்கள் பெருநாளுக்கு முன்னே துலக்கப் பெறுகின்றன. ஆயுத பூசை காக்கும் நாள். போகி கழிக்கும் நாள். முன்னதை முறையாகச் செய்தவர்க்குப் பின்னது எளிது. எதனைக் காப்பது என்று முன்பே அறிந்தவர், எதனைக் கழிப்பது என்று மயங்கமாட்டார்.

ஆதலின் அடுத்த முறை பரணை இறக்கும்போது மூன்று குவியல் செய்யுங்கள். பிறர்க்குப் பயன்படுவது ஒன்று, அதனைக் கொடுத்துவிடுங்கள். எவர்க்கும் பயன்படாதது ஒன்று. எரிக்காமல், வகை பிரித்துத் தூய்மைப் பணியாளரிடம் ஒப்படையுங்கள். எழுத்துள்ள தாள் யாவும் மூன்றாவது குவியல். அதனை அன்றைக்கே முடிவு செய்ய வேண்டா. வீட்டிலுள்ள முதியவரை அருகே அமர்த்தி, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக் கேளுங்கள். இது யாருடைய கையெழுத்து, இப்படத்தில் நிற்பவர் யார், இந்தச் சீட்டு எந்த வேலைக்கு உரியது என்று கேட்டுப் பின்புறத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். பத்திரங்களை நீர் புகாத உறையிலிட்டு, எளிதில் எடுக்கத்தக்க உயரத்தில் வையுங்கள். இவ்வேலையை வீட்டுப் பெண்களின் தலையில் மட்டும் சுமத்தாமல் ஆடவரும் பிள்ளைகளும் பங்கு கொள்ளுதல் வேண்டும். அதற்கு ஒரு நாள் செலவாகலாம். அந்நாள் வீணாகாது.

போகித் தீ விடிவதற்குள் அணைந்துவிடும். அதில் இட்டதை மீண்டும் எடுத்தல் எவர்க்கும் இயலாது. டிரங்குப் பெட்டியின் மூடியோ எப்போது வேண்டுமாயினும் திறக்கும். தீ மூட்டுமுன் பெட்டியைத் திறந்து பாருங்கள்.